ரெட்டி மூர்த்தி இருக்கா சார்?

கல்லூரி திறந்துவிட்டால் பிரின்சிபாலுக்கு அட்மிஷன் கவலை. பேராசிரியர்களுக்கு டைம்டேபிள் கவலை. விடுதி வார்டனுக்குத் தண்ணீர்க் கவலை. சின்ன ஊர் ஒன்றின் கலை அறிவியல் கல்லூரியில் நூலகராக இருப்பவருக்கு இதெல்லாம் கிடையாது. அவருக்கு இருப்பது ஒரே கவலை: பிள்ளைகள் வந்து புத்தகம் கேட்டுத் தொலைப்பார்களே!

மே மாதம் அவருக்குப் பொற்காலம். 'நோ டியூஸ்' கையெழுத்து இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது என்ற ஒற்றை மந்திரத்தில், வெளியே போன புத்தகம் அத்தனையும் வந்து சேர்ந்திருக்கும். துருத்திக்கொண்டு நிற்பதை உள்ளே தட்டுவார். உள்ளே பதுங்கியதை வெளியே இழுப்பார். எல்லா முதுகும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். ஆடிக்கு அழைத்துவந்த மகள்களை எண்ணிப் பார்க்கும் தகப்பனின் திருப்தி அது. என்ன செய்வது, ஊரார் பெண்கள் ஆடியில் தாய்வீடு வருவார்கள்; இவருடைய பெண்கள் ஆடியில்தான் புறப்படுவார்கள். முதலாண்டு வகுப்புகள் தொடங்கி, ஒற்றைப்படை செமஸ்டர் சூடு பிடிப்பது அப்போதுதான்.

கல்லூரி முழுக்க அவர் 'லைப்ரரி சார்'. சொந்தப் பெயர் சம்பள பில் போடும் கிளார்க்குக்கு மட்டும் தெரியும். ஐம்பதைத் தாண்டிய வயது. சட்டைப் பையில் இரண்டு பேனா: நீலம் புத்தகம் கொடுக்க, சிவப்பு ஃபைன் போட. இடுப்பில் சாவிக்கொத்து. அவர் வருகிறார் என்பதைச் சாவிதான் முதலில் சொல்லும். சத்தம் போடக் கூடாத அந்த அறையில் சத்தம் போட அனுமதி பெற்ற ஒரே பொருள் அது.

மனிதர்களையும் அவர் எண்ணாகத்தான் ஞாபகம் வைத்திருப்பார். அமெரிக்கர் மெல்வில் டூயி 1876-ல் வெளியிட்ட நூல் பகுப்பு முறை அவர் ரத்தத்தில் ஊறிவிட்டது. கணக்குப்பதிவியல் 657, கணிதம் 510, தமிழ் இலக்கியம் 894.811. "அந்த 657 பையன் இன்னும் புக்கைத் திருப்பலை" என்றால் பி.காம் மாணவன் என்று அட்டெண்டர் புரிந்துகொள்வார். "894.811 இன்னைக்கு லீவா?" என்றால் தமிழ்த் துறைத் தலைவரைக் கேட்கிறார் என்று அர்த்தம். எண்ணுக்குப் புள்ளி இருப்பதால் தமிழய்யாவுக்குக் கூடுதல் மரியாதை.

சுவரில் மாட்டியிருப்பது டூயியின் படமல்ல, நம்ம சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் படம். அவரும் கோலன் பகுப்பு முறை என்று சொந்தமாக ஒன்றை உருவாக்கி 1933-ல் வெளியிட்டார். உலகமே வியந்தது. ஆனால் இங்கே படம் ரங்கநாதனுக்கு, நம்பர் டூயிக்கு என்று பாகம் பிரித்தாயிற்று. கணிதப் பேராசிரியராக இருந்த ரங்கநாதன் 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனார். போன வேகத்திலேயே சலித்துப்போய், "என்னைப் பாடம் நடத்தவே விட்டுவிடுங்கள்" என்று திரும்பி வந்து கெஞ்சினார். லண்டனுக்கு அனுப்பி நூலகவியல் படிக்க வைத்த பிறகுதான் அந்த வேலையில் அவருக்கு ருசி வந்தது. அவருக்கு வந்த சலிப்புக்குக் காரணம், கேட்க ஆள் இல்லாதது. நம்முடைய சாருக்கு ஆள் வந்தால்தான் சலிப்பு.

முதலாண்டு மாணவர்களுக்கு அறிமுக வகுப்பு நடக்கும். அந்த அரை மணி நேரத்தில் நூலகத்தில் என்னென்ன புத்தகம் இருக்கிறது என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். பையை வெளி ரேக்கில் வைக்க வேண்டும். கேட் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். செல்போன் கூடாது. எடுத்த புத்தகத்தை எடுத்த இடத்தில் வைக்கக் கூடாது, மேஜை மேலேயே விட்டுவிட வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு ஒரு ரூபாய். தொலைந்தால் புதுப் பதிப்பாக வாங்கித் தர வேண்டும். பக்கத்தைக் கிழித்தால்... இந்த இடத்தில் வாக்கியத்தை முடிக்காமல் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிள்ளைகள் எச்சில் விழுங்குவார்கள். அவர்களில் பாதிப் பேர் மூன்றாண்டு கழித்து 'நோ டியூஸ்' வாங்கத்தான் மறுபடி அந்த வாசலை மிதிப்பார்கள்.

மீதிப் பாதியிலிருந்து ஒரு பெண் துணிந்து கவுன்ட்டருக்கு வருவாள்.

"சார், ரெட்டி மூர்த்தி இருக்கா சார்?"

வெளியூர்க்காரர் கேட்டால் யாரோ இரண்டு பேரைத் தேடி வந்திருக்கிறாள் என்று நினைப்பார். தமிழ்நாட்டில் பி.காம் படித்தவர்களுக்குத் தெரியும்: அது ஃபைனான்சியல் அக்கவுண்டிங் புத்தகம், எழுதியவர்கள் டி.எஸ். ரெட்டி, ஏ. மூர்த்தி.

"ஐடி கார்டு எங்கம்மா?"

"இன்னும் தரலை சார். அடுத்த வாரம்னு ஆபீஸ்ல சொன்னாங்க."

"ஐடி கார்டு இல்லாம டோக்கன் இல்லை. டோக்கன் இல்லாம புக் இல்லை. அடுத்த வாரம் வா."

அடுத்த வாரம் ஐடி கார்டோடு வந்தால் இரண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. போட்டோவோடு வந்தால் துறைத் தலைவர் கையெழுத்து. கையெழுத்தோடு வந்தால் சீல். சீலோடு வருவதற்குள் முதல் இன்டர்னல் டெஸ்ட் முடிந்திருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் புத்தகம் கிடைத்துவிடுமா? மொத்தம் ஐந்து பிரதி. முதலாண்டு பி.காமில் நூற்றுச் சொச்சம் பேர். முதல் பிரதி ரெஃபரன்ஸ். கண்ணாடி பீரோவுக்குள் இருக்கிறது, கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது பிரதி ஒரு பேராசிரியர் வீட்டில். அவர் மகள் வேறொரு கல்லூரியில் பி.காம். மூன்றாவது பைண்டிங்குக்குப் போயிருக்கிறது. பைண்டர் குலதெய்வம் கோயிலுக்குப் போயிருக்கிறார். நான்காவது, ரிஜிஸ்டரில் உண்டு, ரேக்கில் இல்லை. ஐந்தாவதை இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் வைத்திருக்கிறான். "அரியர் இருக்கு சார்" என்று சொல்லிச் சொல்லிப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறான். புத்தகம் அவனிடம் இருந்தும் அரியர் ஏன் போகவில்லை என்பதை யாரும் கேட்பதில்லை.

எப்படியோ ஒரு பிரதி கவுன்ட்டருக்கு வந்துவிட்டது என்று வையுங்கள். அதைச் சார் கொடுக்கும் அழகே தனி. முன்னட்டையைத் தடவிப் பார்ப்பார். முதுகைத் தட்டிப் பார்ப்பார். பிறகு பக்கங்களைப் புரட்டி ஓர் இடத்தில் நிறுத்தி, அங்கே சின்னதாகக் குத்தியிருக்கும் முத்திரையைச் சரிபார்ப்பார். அதுதான் ரகசியப் பக்கம். தலைப்புப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புத்தகத்தைச் சொந்தமாக்கிக்கொள்பவர்களைப் பிடிக்க நூலகங்கள் செய்து வைத்திருக்கும் ஏற்பாடு. எந்தப் பக்கம் என்பது அவருக்கும் அட்டெண்டருக்கும் மட்டும் தெரியும். மாணவர்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. அதற்குப் புத்தகத்தை அவ்வளவு தூரம் படிக்க வேண்டும்.

"நூத்திப் பதிமூணாம் பக்கத்துல யாரோ ஹார்ட் வரைஞ்சு அம்பு விட்டிருக்கான். இது முன்னாடியே இருந்துச்சு, பார்த்துக்க. திரும்பி வர்றப்போ இன்னொரு அம்பு இருக்கக் கூடாது."

அந்தப் பெண் தலையாட்டிக் கையெழுத்துப் போடுவாள். பின்னட்டைத் தாளில் தேதி முத்திரை விழும். விழுந்த சத்தத்தில் சார் ஒரு நிமிடம் கண்ணை மூடித் திறப்பார்.

மாணவர்களிடம் புலியாக இருப்பவர் பேராசிரியர்களிடம் பூனை. அவர்களில் சிலர் வேலைக்குச் சேர்ந்த ஆண்டு எடுத்த புத்தகங்களோடு ஓய்வு பெறும் ஆண்டு வரை குடித்தனம் நடத்துவார்கள். நினைவூட்டல் கடிதம் போனால், "துறை நூலகத்தில் இருக்கிறது" என்று பதில் வரும். துறை நூலகம் என்பது துறைத் தலைவர் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் இரும்பு பீரோ. அதன் சாவி ஓய்வு பெற்ற இன்னொருவரிடம் இருக்கும். மூன்று நாள் தாமதித்த மாணவனிடம் மூன்று ரூபாய் வாங்கி, கார்பன் வைத்து ரசீது எழுதிக் கொடுக்கும் சார், இந்தப் பக்கம் மட்டும் தலை நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

அந்த நூலகத்தில் அதிகம் படிக்கப்படும் நூல் எது என்று கேட்டால் திருக்குறள் என்றோ பொன்னியின் செல்வன் என்றோ நீங்கள் நினைக்கலாம். உண்மையில் அது பழைய கேள்வித்தாள் பைண்டு. ஓரம் கறுத்து, தையல் விட்டு, நடுவில் நூல் தொங்கி, அத்தனை கைபட்ட கௌரவத்தோடு மேஜையில் கிடக்கும். அதற்குப் பூட்டு கிடையாது. அதைத் தேடி வருகிறவர்கள் வேறு எதையும் கேட்பதில்லை என்பதால் சாருக்கு அவர்கள் மேல் தனிப் பிரியம்.

பூட்டு மரத்துக்கும் இரும்புக்கும் மட்டும் என்று எண்ண வேண்டாம். காந்திநகரில் இருக்கும் இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் என்-லிஸ்ட் திட்டத்தில் சேர்ந்த கல்லூரியின் மாணவர்கள் லட்சத்துக்கு மேற்பட்ட மின்னூல்களை இருந்த இடத்திலிருந்தே படிக்கலாம். அட்டை கிழியாது, அம்பு வரைய முடியாது, ராமபாணப் பூச்சி அரிக்காது. சார் அதற்கும் வழி வைத்திருக்கிறார். பாஸ்வேர்டுகளை அச்சிட்ட பட்டியலைக் கண்ணாடி பீரோவில், ரெட்டி மூர்த்திக்குப் பக்கத்திலேயே வைத்துப் பூட்டியிருக்கிறார். "பசங்க பாஸ்வேர்டைத் தொலைச்சா யார் பொறுப்பு?"

கல்லூரிகளுக்குத் தரச் சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பீடு வரப்போகும் ஆண்டில் மட்டும் இந்தக் காட்சி தலைகீழாகும். நாளொன்றுக்கு எத்தனை பேர் நூலகத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்குக் காட்ட வேண்டும். உடனே டைம்டேபிளில் 'லைப்ரரி ஹவர்' முளைக்கும். வகுப்பு வகுப்பாக வந்து வரிசையில் நின்று கேட் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு, ஃபேனுக்குக் கீழே பத்து நிமிடம் உட்கார்ந்து எழுந்து போவார்கள். ஒரு புத்தகம் அசையாமல் ஒரு ரிஜிஸ்டர் நிரம்புவதைப் பார்க்கையில் சாருக்கு வருகிற நிம்மதி வேறு எதிலும் வராது.

செமஸ்டர் பாதியை நெருங்கும்போது ஆகஸ்ட் 12 வரும். தேசிய நூலகர் தினம். ரங்கநாதன் படத்துக்குச் சந்தனப் பொட்டு, ரோஜா மாலை. சார் மைக் பிடித்து, ரங்கநாதன் வகுத்த நூலகவியலின் ஐந்து விதிகளையும் மூச்சு விடாமல் சொல்வார். நூல்கள் எடுத்துப் பயன்படுத்தத்தான் என்பது அதில் முதல் விதியின் சாரம். அந்த விதிகள் நூலாக வந்த 1931-லேயே, மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள் என்பதையும் உருக்கமாகச் சொல்வார். கைதட்டல் ஓய்ந்ததும் முதல் வரிசையில் இருந்த மாணவன் எழுந்து ஒரு புத்தகம் கேட்பான். "இன்னைக்கு விழாப்பா, இஷ்யூ கிடையாது" என்பார்.

இத்தனையும் சொல்லிவிட்டு, அவர் ஏன் இப்படி ஆனார் என்பதைச் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும். ஆண்டுக்கொரு முறை ஸ்டாக் வெரிஃபிகேஷன் நடக்கும். அக்சஷன் ரிஜிஸ்டரையும் அலமாரியையும் ஒத்துப் பார்ப்பார்கள். பத்துப் பிரதி குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். 'சம்பளத்தில் பிடிப்போம்' என்று ஒரு குறிப்பு வரும், ஓய்வூதியக் கோப்பு வரை அது கூடவே போகும். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-ஐப் பார்த்தால், 215-ஆவது விதி கொஞ்சம் மனிதத்தன்மையோடு பேசுகிறது. ஓர் ஆண்டில் இரவல் போன, எடுத்துப் பார்க்கப்பட்ட ஆயிரம் புத்தகத்துக்கு ஐந்து தொலைவது இயல்பு, நாணயக் குறைவோ கவனக் குறைவோ இல்லாதவரை ஏற்றுக்கொள்ளலாம் என்கிறது. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால்தான் கட்டாய விசாரணை. சார் இந்த விதியை ஜெராக்ஸ் எடுத்து மேஜைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறார். ஆடிட்டுக்கு வந்தவரிடம் ஒருமுறை காட்டியும் இருக்கிறார். "இது சென்ட்ரல் கவர்ன்மென்ட்டுக்கு சார்" என்று பதில் வந்தது. அன்றைக்குத்தான் பீரோவுக்கு இரண்டாவது பூட்டு வந்தது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தொலைந்த புத்தகத்துக்குக் கணக்குக் கேட்க ஆடிட்டர் இருக்கிறார். இருபது ஆண்டாக யாரும் திறக்காத புத்தகத்துக்குக் கணக்குக் கேட்க யாருமில்லை. இருநூறு புத்தகம் வெளியே போய் ஒன்று திரும்பாவிட்டால் மெமோ. இருநூறும் உள்ளேயே இருந்து தூசி படிந்தால் 'பராமரிப்பு நன்று'. இந்தக் கணக்கில் எந்த மனிதரும் சாவிக்கொத்தோடுதான் திரிவார்.

சார் உள்ளபடியே கல்நெஞ்சக்காரர் அல்ல. மாலை நாலு மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். டிகிரி முடித்து இரண்டு ஆண்டாகி, குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பழைய மாணவன் ஒருவன் ஜன்னலோர மேஜையில் இருப்பான். ஐடி கார்டு கிடையாது, டோக்கன் கிடையாது, கேட் ரிஜிஸ்டரில் பெயரும் கிடையாது. சார் அவன் பக்கம் திரும்பவே மாட்டார். மணி அடித்ததும் ரெஃபரன்ஸ் புத்தகம் ஒன்றை நாளிதழில் சுற்றி அவனிடம் நீட்டி, "காலையில ஒன்பதரைக்குள்ள வந்துடணும், யார் கண்ணுலயும் படக் கூடாது" என்பார். அவனும் அதுபோலவே கொண்டுவந்துவிடுவான். கொடுத்த புத்தகம் ஒழுங்காகத் திரும்பும் என்று அந்த ஒருவன் விஷயத்தில் அவருக்கு நம்பிக்கை இருக்கிறது. பயம் இல்லாவிட்டால் மற்ற பிள்ளைகள் விஷயத்திலும் வரும்.

ஆகவே கல்லூரி முதல்வர்களுக்கும் நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு லைப்ரரி சாரிடம் எத்தனை புத்தகம் குறைகிறது என்று கேட்கும் முன், எத்தனை புத்தகம் வெளியே போய் வந்தது என்று கேளுங்கள். ஆயிரத்துக்கு ஐந்து என்ற சலுகையை உங்கள் கல்லூரியிலும் எழுத்தில் கொடுங்கள். மாணவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை: முதல் வாரமே கவுன்ட்டருக்குப் போய்க் கேளுங்கள். முறைப்பார். போட்டோ கேட்பார். சீல் கேட்பார். விடாமல் மூன்றாம் முறையும் போய் நின்றால் கொடுத்துவிடுவார். எடுத்ததைச் சொன்ன தேதியில் திருப்பிவிடுங்கள். அம்பு மட்டும் வரையாதீர்கள்.