ஓரி காட்டில் ஒரு ரெக்கார்டிங்

கொல்லிமலையில் இடம் பார்த்து, செட்டப் போட்டுப் பாடிய பழைய கோஷ்டி ஒன்று புறநானூறு 152ஆம் பாட்டில் வருகிறது. தலைவர் வன்பரணர். வாடகையும் இல்லை, கரண்ட் பில்லும் இல்லை. எதிரே ஒரு வேடன் ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி என்று துளைத்துக்கொண்டே போய், புற்றில் கிடந்த உடும்பையும் விட்டுவைக்கவில்லை. இதைப் பார்த்த கோஷ்டிக்கு ஓடத் தோன்றவில்லை, பாடத் தோன்றியது. பசி அப்படி.

வன்பரணர் உடனே சவுண்ட் இன்ஜினியர் ஆகிவிட்டார். பாடப்போவது நான், நீங்கள் வாத்தியத்தைக் கவனியுங்கள் என்று முதலிலேயே கறாராகச் சொல்லிவிடுகிறார். முழவுக்கு மண் பூசு, யாழைப் பண்ணுக்குக் கூட்டு, தும்பிக்கை மாதிரி நீண்ட தூம்பை எடு. பதலைக்காரனுக்கு மட்டும் தனி எச்சரிக்கை: ஒரு பக்கம்தான் தட்டணும், அதுவும் மெதுவா. தாளக்காரர்கள் இன்றுவரை காதில் வாங்காத அறிவுரை அது.

இடத் தேர்விலும் குறை சொல்ல முடியாது. இலையும் சருகும் சத்தத்தை விழுங்கிவிடும். எதிரெதிர்ச் சுவர் இல்லாததால் குரல் முட்டித் திரும்பாது. இன்றைக்கு வீட்டில் ரெக்கார்டிங் பண்ணுகிறவர்கள் பத்துக்குப் பத்து கான்கிரீட் அறையில் முட்டை அட்டை ஒட்டுகிறார்கள். கொல்லிமலை இருக்கும் நாமக்கல் மாவட்டத்தில் அதற்கா பஞ்சம்? ஆனால் அட்டை கீச்சுச் சத்தத்தைத்தான் கொஞ்சம் தணிக்கும். கீழ்ஸ்தாயி அதைச் சட்டையே செய்யாது. பாடுகிறவர் முதுகுக்குப் பின்னால் ஒரு இலவம்பஞ்சு மெத்தையைச் சாய்த்துவைத்தால் தேவலை. மேலே தகரக் கூரை இருந்து மழையும் பிடித்துக்கொண்டால், மெத்தையை விரித்துப் படுத்துவிடலாம்.

வன்பரணர் கோஷ்டி இசையின் இருபத்தோரு துறையும் பாடி முடித்து, 'கோ', அதாவது அரசே, என்று அழைத்ததும் வேடனுக்கு வெட்கம் வந்துவிட்டது. ஆள் கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியேதான். மான்கறி, கள், மலையில் விளைந்த பொன், மணி எல்லாம் கிடைத்தன. அடுத்த பாட்டில் நிலைமை முற்றிவிட்டது: யானையும் நகையும் வாங்கிய கோஷ்டி, பசி தீர்ந்ததால் ஆட்டத்தையும் பாட்டையும் மறந்தே போனதாம். மொத்தச் சம்பளத்தையும் ஒரே நாளில் எண்ணிவைத்தால் எந்தக் கலைஞன் மறுநாள் ஸ்டுடியோவுக்கு வருவான்?

பிறகு காரி என்ற இன்னொரு குறுநில மன்னன் வந்து ஓரியைக் கொன்றான். மலை சேரனுக்குப் போனது. ஓரியின் தெருவில் காரி நுழைந்தபோது எழுந்த கூச்சலைக் கபிலர் நற்றிணையில் பத்திரப்படுத்தியிருக்கிறார். எதற்கு? ஒரு பரத்தை தெருவில் ஒயிலாக நடந்துபோனாள், ஊரே அப்படித்தான் அலறியது என்று சொல்ல. மனைவிமார் அவரவர் புருஷனைக் காபந்து பண்ணிக்கொண்டார்களாம்.