பிள்ளையைத் தொந்தரவு செய்யாத சட்டம்

எங்கள் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையைப் போலப் பிள்ளைகள்மேல் அக்கறை கொண்ட சட்டம் அரிது. 1889ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச்சட்டமாகப் பிறந்த நாள் முதல் அது பிள்ளைகளை நீதிமன்றப் படியில் தனியே ஏறவிடுவதில்லை. பராயமடையாதவர் வழக்குப் போடுவதென்றால் வளர்ந்தவர் ஒருவர் ‘அடுத்த நண்பர்’ ஆக முன்னிற்க வேண்டும். பிள்ளைமேல் வழக்கு வந்தால் வழக்குக்கான பாதுகாவலர் நியமிக்கப்படுவார். 1989இல் பராய வயது 18 ஆகக் குறைக்கப்படும்வரை 21 வயதுவரை இந்த நிழல் கிடைத்தது.

யாழ்ப்பாணத்து உடுவில் போன்ற ஊரில்தான் இதன் அருமை விளங்கும். செம்மண் தோட்டக்காணி, நடுவில் ஒரு கிணறு. அப்பப்பாவின் முதுசம் நாலு பிள்ளைகளுக்குப் போகிறது. அவர்களில் ஒருவர் இறக்க, அவருடைய பங்கு அவர் பிள்ளைகளுக்கு வருகிறது. பிறகு மல்லாகம் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்கு. பிள்ளையின் நலனுக்கு எதிரான நலன் இல்லாதவரே பாதுகாவலராகலாம் என்று சட்டம் கண்டிப்பாகச் சொல்கிறது. எத்தனை நுட்பமான கரிசனை! சித்தப்பாவுக்கு அதே காணியில் பங்கு. மாமிக்கும் பங்கு. கிணற்றில் இறைக்கும் முறையோ பெரியப்பாவுக்கு. தாய் இருந்தால் தப்பிற்று. தாய் தகப்பன் இருவரையும் போர் தின்ற பிள்ளைக்கு, பங்கில்லாத ஒருவரை, அதாவது அந்தக் காணியையும் அந்தப் பிள்ளையையும் அறியாத ஒருவரை, தேடித் தருகிற பொறுப்பும் சட்டத்துடையதே. பிள்ளை வழக்காளியானால் வழக்குச் செலவை அடுத்த நண்பரே கட்ட நேரலாம். அந்த ஒரு விதியால், உண்மையான அன்புள்ளவர் மட்டுமே முன்வருவார். அநேகமாக ஒருவரும் வரமாட்டார்.

பிள்ளை சார்பில் சமாதானமாகப் போவதற்கு நீதிமன்ற அனுமதி வேண்டும். இதை முழுமனதோடு பாராட்டுகிறேன். உறவினர் பேசிமுடித்துக் காணியை விழுங்காமல் காக்கிற பிரிவு இது. அனுமதி கொடுக்குமுன் பிள்ளையை ஒரு சொல் கேட்கச் சொல்லி அதில் வரி இல்லை. கேட்டால் பிள்ளை களைத்துப்போகும்.

முன்னோரும் இப்படித்தான். யாழ்ப்பாணத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்துக் கொடுத்த தேசவழமையில், மனைவி இறந்து கணவன் மறுமணம் செய்தால் பிள்ளையை அம்மம்மாவோ நெருங்கிய உறவினரோ ஏற்பார்கள். தாயின் சீதனமும் தேடியதேட்டத்தில் பாதியும் பிள்ளைக்குச் சேரும். சொத்துக்குக் கணக்கு உண்டு, பிள்ளைக்கு வீடும் உண்டு. எந்த வீடு வேண்டுமென்ற கேள்வியால் மட்டும் பிள்ளையை வருத்தவில்லை.

1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சாசனத்தின் 12ஆம் உறுப்புரை, நீதி நடவடிக்கைகளில் பிள்ளையின் குரல் நேரடியாகவோ பிரதிநிதி மூலமோ கேட்கப்பட வேண்டும் என்கிறது. இரண்டில் சிரமம் குறைந்த வழி எங்களிடம் 1889 முதலே இருந்தது.

1824இல் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப்பள்ளி தொடங்கிய ஊர் உடுவில். இங்கே 17 வயதுப் பிள்ளை மூன்று பக்கத்துக்குக் கட்டுரை எழுதுவாள். எந்த மாதம் கிணறு வற்றும், எந்த வேலி நகர்ந்தது என்பதும் அவளுக்குத் தெரியும். தன் வழக்கை எப்படி நடத்தவேண்டும் என்று அவள் சொன்னால் யாரும் கேட்டாக வேண்டியதில்லை.

பாகப்பிரிவினை வழக்குகள் பொறுமையானவை; சிறுவயதில் பெயர் ஏறிய பிள்ளை பராயமடையும்போதும் பல வேளை முடிந்திருக்காது. அன்றைக்குச் சட்டம் வழக்காளிப் பிள்ளையை முதன்முறையாக நேரே பார்த்துக் கேட்கிறது: தொடர்கிறாயா, விடுகிறாயா? விடுகிறேன் என்று சொல்லும் தனி வழக்காளி, எதிராளிக்கு ஆன செலவையும் அடுத்த நண்பர் கட்டிய செலவையும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம்.