இலை வைத்தியர்

பல்லடம் ரோட்டில் அருள்புரம் வட்டாரத்துப் பனியன் கம்பெனிகளில், முதலாளி அறைக்கு வெளியே போட்டிருக்கும் சோபாவில் காணப்படுபவர் இலை வைத்தியர். அவர் தோட்டம் வைத்தவரும் அல்ல, செடி விற்பவரும் அல்ல. காஜா பட்டன், பிரிண்டிங், எம்பிராய்டரி, பாலிபேக் சப்ளை என்று ஏதாவதொரு ஜாப் ஒர்க் செய்பவர். சனிக்கிழமை மதியம் செக் வாங்க வருகிறார். அன்று சாயங்காலமே அவருடைய பட்டறையில் சம்பளம் போட்டாக வேண்டும். கையெழுத்து ஆகும்வரை அவருக்கு வேறு வேலை இல்லை. எதிரே டீப்பாயில் ஒரு போன்சாய் இருக்கிறது. அதிலிருந்து ஓர் இலை விழுகிறது. அந்த நொடியில் வைத்தியர் உதிக்கிறார்.

நோயாளியையும் அறிமுகப்படுத்த வேண்டும். தீபாவளிக்கு ஒரு மெஷின் ஏஜென்டோ நூல் பார்ட்டியோ கொண்டுவந்து வைத்த அன்பளிப்பு அது. அடியில் வேர் கிழங்காய்ப் பருத்திருக்கும், மேலே குடுமி வைத்தாற்போல் நாலு கொத்து இலை. ஃபைகஸ் மைக்ரோகார்ப்பா என்பது அதன் தாவரவியல் பெயர், நம் பக்கத்தில் இச்சி என்பார்கள். ஆலும் அரசும் அத்தியும் அதே பேரினம்தான். குளத்துக்கரையில் நிற்க வேண்டிய சாதி, ஒரு சாண் தொட்டியில் ஏசிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது.

உச்சிவெயிலில் வெட்டவெளி வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். ஆபீஸ் மூலையில் இருநூறு, முந்நூறு தேறினால் பெரிது. மனிதக் கண் அதைச் சமாளித்துக்கொள்ளும், இலை சமாளிக்காது. நல்ல வெளிச்சத்தில் உண்டான இலை மங்கலான இடத்துக்கு வந்தால் தன் சாப்பாட்டுக்கே சம்பாதிக்காது. மரம் அதைக் கழற்றிவிட்டு, குறைந்த வெளிச்சத்தில் பிழைக்கத் தெரிந்த புது இலைகளைத் தளிர்க்கப் பார்க்கும். வந்த முதல் மாதத்தில் இலை கொட்டுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இடம் பழகிவிட்டால் தானாக நின்றுவிடும். ஆனால் இதைச் சொன்னால் வைத்தியருக்கு என்ன மரியாதை?

அவருடைய பரிசோதனை முறை கவனிக்கத் தக்கது. விழுந்த இலையை இரண்டு விரலால் எடுத்து முகர்கிறார். மடித்துப் பார்க்கிறார். ‘ம்ம்’ என்கிறார். இந்த ‘ம்ம்’ கண்ணாடிக் கதவுக்குள் கேட்க வேண்டும் என்பது முக்கியம். சிலர் இன்னும் ஒருபடி மேலே போய், ஷேடு பார்ப்பதற்காக வைத்திருக்கும் கலர் மேட்சிங் பெட்டிக்குள் இலையை வைத்து ஒவ்வொரு விளக்காகப் போடுகிறார்கள். டி65 வெளிச்சத்தில் இலை மஞ்சள். டிஎல்84 வெளிச்சத்திலும் மஞ்சள். வைத்தியர் திருப்தியடைகிறார்.

நோயின் கடுமை, வர வேண்டிய பாக்கியின் அளவைப் பொறுத்தது. பத்தாயிரம் ரூபாய் பில் என்றால், “தண்ணி கொஞ்சம் ஜாஸ்திங்க” என்பதோடு முடிந்துவிடும். லட்சத்தைத் தாண்டினால், “ஏனுங்ணா, இது வேர்ச்சூடுங்க. மோர் ஊத்துனா நின்னுக்கும்” என்பார். மூன்று மாதமாக இழுபறி என்றால் விஷயம் வாஸ்துவுக்குப் போய்விடும்: “செடி கன்னி மூலையில இருக்கோணுங்க. இங்க இருந்தா பணம் வெளிய போயிட்டே இருக்குமுங்க.” பணம் வெளியே போவதே இல்லை என்பதற்கு அவரே சாட்சி. ஆனாலும் சொல்வார். சிறு, குறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தந்துவிட வேண்டும் என்று 2006-ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதைப் பேசினால் அடுத்த ஆர்டர் வராது. மோரைப் பற்றிப் பேசினால் டீ வரும்.

ஒரு கம்பெனிக்கு ஒரே வைத்தியர் என்றால் செடி தாங்கிக்கொள்ளும். அப்படி அமைவதில்லை. மோர் சொன்னவருக்கு அடுத்தவர் டீத்தூள் சக்கை என்பார். அதற்கடுத்த வாரம் முட்டை ஓடு வரும். ஊரில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் ஒரு கைப்பிடி டிஏபி உரம் போடச் சொல்வார். தென்னைக்குச் சரியான அளவு சாண் தொட்டிக்கு விஷம் என்பது அவருக்குத் தோன்றாது. ஒவ்வொருவரும் தொட்டியை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நகர்த்தவும் சொல்வார்கள். நகர்த்துகிற ஒவ்வொரு தடவையும் செடி இன்னும் பத்து இலையைக் கொட்டும். வைத்தியர் அதைப் பார்த்து, “மருந்து வேலை செய்யுதுங்க, கெட்டது எறங்குது” என்பார்.

நோயைச் சரியாகக் கண்டுபிடிக்கக் கூடியவர்கள் அதே கட்டடத்தில் இருக்கிறார்கள். அவர்களை யாரும் கேட்பதில்லை. செக்கிங் டேபிளில் நிற்கும் அக்கா பீஸைப் புரட்டி உட்பக்கம் பார்த்துப் பழகியவர். இலையையும் அப்படியே புரட்டுவார். உட்கிளையில் இருக்கும் பழைய இலை ஒவ்வொன்றாக மஞ்சளாகி விழுந்தால் வெளிச்சக் குறைவு. பச்சையாக இருக்கும்போதே தொட்டவுடன் கொட்டினால் இடம் மாறிய அதிர்ச்சி, இல்லையென்றால் ஏசிக் காற்று. மொறுமொறுவென்று காய்ந்து விழுந்தால் தண்ணீர் போதவில்லை. மண் ஈரமாகவே இருந்து, நாற்றமும் அடித்தால் வேர் அழுகுகிறது. இலை நீளவாக்கில் மடிந்து, பிரித்தால் உள்ளே கறுப்பாகப் பொடிப் பூச்சிகள் ஓடினால் அது இலைப்பேன், அந்த இலைகளைக் கிள்ளி எறிய வேண்டும். இலை பிசுபிசுத்தால் தண்டில் செதில் பூச்சி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொருவர் டையிங் மாஸ்டர். நொய்யல் ஆறு சாயக்கழிவால் பட்ட பாடும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் இந்தப் பகுதிக்கு டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) என்ற சொல்லைச் சோறு, தண்ணி போலப் பழக்கிவிட்டன. மாஸ்டர் பாக்கெட்டில் பேனாவுக்குப் பக்கத்தில் டிடிஎஸ் மீட்டர் இருக்கும். செடிக்கு ஊற்றும் போர் தண்ணீரில் அதை நனைத்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆயிரத்துக்கு மேல் உள்ள தண்ணீரைச் சாண் தொட்டியில் மாதக்கணக்கில் ஊற்றினால் உப்பு தங்கும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூக்கும், இலை நுனி கருகும், பிறகு இலை உதிரும். சாயம் போடுவதற்கு ஆர்.ஓ.வில் சுத்தம் செய்த தண்ணீர் பத்தடி தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது, செடிக்குப் போர் தண்ணீரை ஊற்றுகிற கம்பெனிகள் உண்டு.

வைத்தியம் சின்னதுதான். தண்டில் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்க்க வேண்டும். உள்ளே பச்சையாக இருந்து பால் கசிந்தால் உயிர் இருக்கிறது. ஏசி படாத ஜன்னலோரம் வைத்து, மேல்மண் காய்ந்த பிறகு அடித்துளை வழியே வடியும்படி நல்ல தண்ணீர் ஊற்றினால் போதும். உரம் வேண்டாம். வேர் அழுகாதவரை மண் மாற்றவும் வேண்டாம், இன்னொரு மூலையும் வேண்டாம். சில வாரங்களில் தளிர் வரும். அது வந்த சனிக்கிழமை சோபாவில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ, குணப்படுத்திய பெயர் அவருக்குப் போகும். அதைத் தடுக்க வழியில்லை.

போன்சாய் வைத்திருக்கும் முதலாளிகள் சனிக்கிழமைச் செக்கை வெள்ளிக்கிழமையே எழுதி வைத்துவிடுங்கள். வைத்தியர் சோபாவில் உட்காராமலே போய்விடுவார், செடி பிழைத்துக்கொள்ளும்.