நாயகனின் பதவி இறக்கம்

தமிழ்த் திரையின் கதாநாயகன் ஒரு காலத்தில் குடிக்கமாட்டான், புகைக்கமாட்டான், தாய் சொல்லைத் தட்டமாட்டான். நட்சத்திரமான பின் எம்.ஜி.ஆர். இதை விரதமாகவே காத்தார். (1954-இல் ‘அந்த நாள்’ படத்தில் சிவாஜி கணேசன் தேசத்துரோகியாக வந்தார்தான், ஆனால் படம் தொடங்கியதுமே சுட்டுவிட்டார்கள்.) 1987-இல் ‘நாயகன்’ வேலு கடத்தல்காரன். ஏழைகளுக்கு உதவியதால் மன்னிப்புக் கிடைத்தது. 2011-இல் ‘மங்காத்தா’ அஜித்துக்கு அந்தச் சாக்கும் தேவைப்படவில்லை. சூதாட்டப் பணத்தைச் சுருட்ட நரைத்த தலையும் ஒரு சிரிப்பும் போதுமாக இருந்தன. இரண்டே ஆண்டுகளில் ‘சூது கவ்வும்’ தாஸ் ஆட்கடத்தலுக்கே விதிமுறை வகுத்துவிட்டான். பாவம், வில்லன்தான் வேலையிழந்தான். கட்-அவுட்டுக்குப் பாலாபிஷேகம் மட்டும் நிற்கவில்லை.