முதல்நூலும் வழிநூலும்: கேம்ரி–லெக்ஸஸ் ஒப்பாய்வில் கதவோசையின் இடம்

டொயோட்டா கேம்ரியும் லெக்ஸஸ் ஈஎஸ்ஸும் ஒரே வண்டிதானா என்ற வினா, லெக்ஸஸ் 1989-இல் அமெரிக்காவில் கடை விரித்த நாள்தொட்டு இருக்கிறது. எல்எஸ் 400-உடன் அன்று வந்திறங்கிய ஈஎஸ் 250, கேம்ரியின் உடம்புக்குத் தைத்த புதுச்சட்டை. கார் இதழ்கள் இதைக் குதிரைத்திறனாலும் மைலேஜாலும் கட்டம் போட்டு விளக்கப் பார்த்துத் தோற்றன. கருவி தவறு. தொல்காப்பியம் முதல்நூல், வழிநூல் என்று பிரித்து, வழிநூலையும் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக்கி வைத்திருக்கிறது. லெக்ஸஸைக் கருதியே இப்படி வகுத்தார்கள் என்று நிறுவவும் இடமுண்டு. நிறுவினால் தொல்காப்பியத்தின் காலத்தை 1989-க்குப் பின்னே தள்ள வேண்டிவரும். அதற்கும் ஆள் கிடைப்பார்கள்.

தொகுத்தலுக்கு லெக்ஸஸில் சான்றில்லை, விலையில் நிச்சயமாக இல்லை. மொழிபெயர்ப்புக்கு எல்எஸ்ஸே சான்று: 2005 வரை ஜப்பானில் லெக்ஸஸ் என்ற கடையே கிடையாது; லாஸ் ஏஞ்சலஸில் லெக்ஸஸ் எல்எஸ்ஸாக ஓடியது தோக்கியோவில் டொயோட்டா செல்சியராக ஓடியது. அதே வகையில் டொயோட்டா லேண்ட் குரூஸர் 300-க்கும் லெக்ஸஸ் எல்எக்ஸுக்கும் வீல்பேஸ் ஒன்றே, 2850 மில்லிமீட்டர். மேலே சொல்ல ஒன்றுமில்லை. தொகைவிரிக்கு லெக்ஸஸ் எல்எம்மைக் காட்டலாம். அதற்கும் டொயோட்டா வெல்ஃபயருக்கும் அடித்தளம் ஒன்று, வீல்பேஸும் அதே 3000 மில்லிமீட்டர். இந்தியாவுக்கு 2023-இல் வந்த வெல்ஃபயர் ஏறத்தாழ 1.2 கோடி. அடுத்த ஆண்டு வந்த எல்எம்மில் இருக்கைகளை நாலாகத் தொகுத்து, விலையை இரண்டரைக் கோடியாக விரித்தார்கள். ஓட்டுநருக்கும் உடையவருக்கும் நடுவே ஒரு சுவர் எழுப்பி, அந்தச் சுவரில் 48 அங்குலத் திரையும் வைத்தார்கள்.

எஞ்சிய விரித்தலில்தான் நம் இணை அடங்கும். 2018-இன் ஈஎஸ், தன் காலத்துக் கேம்ரியைவிட வீல்பேஸில் 45 மில்லிமீட்டர் நீளம். கையால் அளந்தால் இரண்டரை விரற்கிடை. இந்த இரண்டரை விரலுக்கா இத்தனை லட்சம் என்று கேட்பவர், சொல்லாராய்ச்சியை மறந்தவர். கேம்ரி என்பது கிரீடத்தைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லின் திரிபு. கொரோனா லத்தீனில் கிரீடம், கொரோலா சின்னக் கிரீடம், கிரௌனுக்கு உரையே வேண்டாம். லெக்ஸஸுக்கோ தனிப்பொருள் கிடையாது. ஆகவே இந்தக் குடும்பத்தில் முடி தரித்தவையெல்லாம் மலிவு, பொருளற்ற பெயருக்கு விலை அதிகம். நம் இலக்கணத்தார் இடுகுறிப்பெயர் என்று ஒரு வகை வைத்தார்களே ஒழிய, அதற்கு விலை வைக்கவில்லை.

ஆனால் உண்மையான வேறுபாடு கதவைச் சாத்தும்போதே கேட்கிறது. கேம்ரியின் கதவு ‘டப்’ என்கிறது. ஈஎஸ்ஸின் கதவு ‘தும்’ என்கிறது. இரண்டும் ஒன்றரை மாத்திரைதான். ஆகவே அளவில் பேதமில்லை. ஆனால் டகரம் மொழிக்கு முதலில் வராது. எனவே கேம்ரி, ஆள் உட்கார்ந்த கணத்திலேயே இலக்கணப் பிழை செய்கிறது (கேம்ரி, முன்கதவு, இடம்). ஈறு இன்னும் நுட்பமானது. பகரமும் மகரமும் இதழ் பொருந்தவே பிறப்பவை. கேம்ரியும் ஈஎஸ்ஸும் அப்படித்தான்: அமெரிக்கக் கென்டக்கியின் ஜார்ஜ்டவுன் ஆலையில் 2015 முதல் பல ஆண்டுகள் இரண்டும் ஒரே கூரையின் கீழ் பிறந்தன. பிறப்பிடம் ஒன்றாயிருந்தும் பகரம் வல்லினம். மகரம் மூக்கு வழியே வந்து மெல்லினமாகிறது. கூடுதல் விலை கொடுத்தவர் பேச்சும் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகிறது. கதவு சாத்திய கையோடு உள்ளிருப்பவர் ‘வா’ என்று ஒருவரை அழைத்தால், வகரத்தின் முன் மகரம் குறுகிக் கால் மாத்திரையாகும் (ஈஎஸ், பின்கதவு, வலம், இரண்டாம் சாத்தல், ஒப்புநோக்குக: டிக்கி). இந்த மகரக்குறுக்கம் கேம்ரியில் நிகழவே வழியில்லை. இத்தனைக்கும் பொறியியலார் தரும் காரணம் ரப்பர் பீடிங், தகட்டின் உட்புறம் ஒட்டும் அதிர்வடக்கும் தாள், கொக்கியின் பிடிப்பு என்று மூன்றே வரிகளில் முடிந்துவிடுவதால் அதை இங்கு எடுத்துக்கொள்ளவில்லை.

கேம்ரியையும் மெதுவாகச் சாத்தினால் ‘தும்’ வருமே என்பர் சிலர். வரும். அது சாத்துபவரின் பண்பு, கதவின் பண்பன்று, மேலும் கண்ணாடி சற்று இறங்கியிருந்தால் உள்ளே அழுந்தும் காற்று வெளியேறி ஓசை மாறிவிடும் என்பதால் அத்தகைய சாத்தல்கள் இடைச்செருகல் எனத் தள்ளத்தக்கன (மேலது, மூன்றாம் சாத்தல், கண்ணாடி கால்பங்கு இறங்கிய நிலை, மழைநாள், ஏசி அணைத்தபின், முரண்பாடம்: அதே கதவு, குழந்தை சாத்தியது). வலுவான மறுப்பு வேறொன்று. அமெரிக்காவில் கேம்ரிக்கும் மேலே டொயோட்டாவுக்கு அவலான் என்று ஒரு செடான் இருந்தது. ஈஎஸ்ஸின் அதே 2870 மில்லிமீட்டர் வீல்பேஸ், அதே ஜார்ஜ்டவுன். அப்படியானால் முதல்நூல் கேம்ரி அல்ல, அவலான்தானே? இதை ஏற்றால் இக்கட்டுரையின் தலைப்பையே மாற்ற வேண்டும். நல்லவேளையாக 2022-உடன் அவலானை நிறுத்திவிட்டார்கள். நூல் கிடைக்காதபோது அதை ‘இறந்துபட்டது’ என ஒரு வரியில் குறித்துவிட்டு மேலே செல்வது நம் துறையின் பழைய வழக்கம்.

கடைசி மறுப்பு டொயோட்டாவின் செஞ்சுரி. சாகிச்சி டொயோடாவின் பிறந்த நூற்றாண்டான 1967-இல் வந்த இது, அரை நூற்றாண்டுக்கும் மேலாக டொயோட்டா என்ற பெயரிலேயே இருந்து, லெக்ஸஸ் வந்தபின் அதற்கும் மேலே உட்கார்ந்திருந்தது. அதன் இருக்கைகளுக்குக் கம்பளித் துணியையே விரும்பினார்கள். தோல் என்றால் உட்கார்ந்து எழும்போது கிறீச்சிடும். இருக்கையின் ஓசைக்கே இவ்வளவு கவலைப்பட்ட வண்டியின் கதவு வல்லினத்தில் முடிகிறதா, மெல்லினத்திலா, அல்லது ஆய்தமா என்பதை அறிவதே முறை. ஆனால் செஞ்சுரியின் உடையவர் தன் கதவைத் தான் சாத்துவதில்லை. நாளுக்குப் பத்து முறை சாத்துபவர் ஓட்டுநர். அவரைத் தகவலாளியாகக் கொள்ள இத்துறையின் ஆய்வு நெறிமுறையில் இன்னும் படிவம் அச்சாகவில்லை.