நல்லது செய்தால் ஆபத்து

1514-ஆம் ஆண்டு. ஜெர்மனியில் ஆல்பிரெக்ட் என்ற ராஜவம்சத்துப் பிள்ளைக்கு 24 வயதுகூட நிரம்பவில்லை. அதற்குள் மக்டெபர்க் பேராயர் பதவியும் ஹால்பர்ஸ்டட் மறைமாவட்ட நிர்வாகமும் கைவசம். மூன்றாவதாக மைன்ஸ் பேராயர் நாற்காலி காலியானது. பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் ஏழு வாக்குகளில் ஒன்று அந்த நாற்காலிக்கு உரியது. பிள்ளைக்கு ஆசை வந்துவிட்டது. ஆயராக 30 வயதாவது ஆகவேண்டும், ஒருவருக்கு ஓர் ஆசனம்தான் என்றது திருச்சபைச் சட்டம். விலக்குத் தரக்கூடியவர் ரோமில் இருந்தார்: போப் பத்தாம் லியோ. இவர் கர்தினால் ஆனது 13 வயதில். அடுத்தவரிடம் "உனக்கு வயசு போதாதப்பா" என்று சொல்ல அவருக்கு வாய் வருமா? வரவில்லை. அவருடைய கணக்குப்பிள்ளைகளுக்கு வந்தது. தொகையைச் சொன்னார்கள்.

அவ்வளவு பணம் ஆல்பிரெக்ட்டிடம் இல்லை. ஆக்ஸ்பர்க்கில் யாக்கோப் ஃபுக்கரிடம் இருந்தது. பேரரசர்களுக்கே கடன் கொடுத்த மனிதர். எடுத்து நீட்டினார். கடனை அடைக்கும் வழியையும் ரோமே காட்டிக் கொடுத்தது. பாவமன்னிப்புச் சீட்டு விற்றுக்கொள். வரும்படியில் பாதி புனித பேதுரு பேராலயம் கட்ட எங்களுக்கு, மறுபாதி ஃபுக்கருக்கு. சீட்டு வாங்குகிற குடியானவனுக்குக் கோயில் கட்டும் பாதி மட்டும்தான் தெரியும். வட்டிக்கடைப் பாதியை யாரும் பிரசங்கத்தில் சேர்க்கவில்லை.

விற்பனைக்குக் கிடைத்தவர் யோகான் டெட்செல் என்ற டொமினிக்கன் துறவி. இன்று பிறந்திருந்தால் காப்பீட்டு நிறுவனங்கள் அவர் வீட்டு வாசலில் வரிசையில் நிற்கும். அவர் ஊருக்குள் வரும்போது மணி அடிக்கும், மெழுகுவர்த்தி எரியும், போப்பின் ஆணை வெல்வெட் மெத்தையில் ஊர்வலம் வரும். உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேகும் உங்கள் அம்மா, அப்பா அலறுவது கேட்கவில்லையா என்பார். கூடவே ஃபுக்கரின் ஆளும் இருப்பான். விலைப்பட்டியல் ஆள் தராதரம் பார்த்துப் போட்டது. ராஜா, ராணி, ஆயர் என்றால் 25 பொற்காசு. அப்படியே இறங்கிக்கொண்டே வரும். கையில் காசே இல்லாதவர் ஜெபமும் உபவாசமும் செய்தால் போதும். ஏழைதான் நிஜமாகவே பட்டினி கிடக்க வேண்டியிருந்தது.

சாக்சனி இளவரசர் பிரெடெரிக் தன் எல்லைக்குள் டெட்செலை விடவில்லை. கொள்கை என்று நினைத்துவிட வேண்டாம், அவருக்குச் சொந்தக் கடை இருந்தது. விட்டன்பர்க் கோட்டை ஆலயத்தில் புனிதப் பண்டங்களைச் சேர்த்துக்கொண்டே போனார். 1520 வாக்கில் அவை 19,000-ஐத் தாண்டின. குழந்தை இயேசு படுத்த வைக்கோல்வரை உண்டு. அத்தனையையும் முறைப்படி தரிசித்துக் காணிக்கை போட்டால் 19 லட்சம் ஆண்டுத் தண்டனை கழியும். இதைக் கூட்டிப் போட்ட குமாஸ்தாவை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது.

இத்தனை பேரிலும் உருப்படியாக ஒரு நற்கிரியை செய்தவர் வட்டிக்காரர்தான். ஃபுக்கர் ஆக்ஸ்பர்க்கில் ஏழைகளுக்கென்று ஒரு குடியிருப்பே கட்டினார். 1521-ஆம் ஆண்டு சாசனப்படி ஆண்டு வாடகை ஒரு கில்டன். கூடவே ஒரு நிபந்தனை: குடியிருப்பவர்கள் தினம் மூன்று ஜெபம் சொல்ல வேண்டும், ஃபுக்கர் குடும்பத்துக்காக. இன்றும் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்; ஆண்டு வாடகை 88 சென்ட், ஒரு யூரோகூட இல்லை. ஐநூறு ஆண்டு கழித்தும் வட்டி வந்துகொண்டிருக்கிறது.

இந்தச் சந்தைக்குள்தான் விட்டன்பர்க் பேராசிரியர் மார்ட்டின் லூத்தர் நுழைந்தார். 1517 அக்டோபர் 31. தொண்ணூற்றைந்து வாதங்களை ஆலயக் கதவில் ஆணி அடித்தாரா என்று சரித்திரக்காரர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். கடிதத்தோடு அனுப்பினார் என்பதில் சந்தேகமில்லை. யாருக்கு? ஆல்பிரெக்ட்டுக்கு. ஐயா, உங்கள் பெயரைச் சொல்லி யாரோ ஊரை ஏமாற்றுகிறார்கள், தங்களுக்குத் தெரியாமலிருக்கலாம் என்கிற தொனியில். ஃபுக்கர் ஒப்பந்தம் லூத்தருக்கு அப்போது தெரியாது.

அங்கே தொடங்கி அவர் போய்ச் சேர்ந்த இடம்: மனிதன் நீதிமானாவது விசுவாசத்தால் மட்டுமே. நற்கிரியை அதன் விளைவு; அதைக் கொடுத்து எதையும் வாங்க முடியாது. ரோமருக்குப் பவுல் எழுதிய நிருபம் கையில் இருந்ததால் தைரியம். ஆனால் அதே புதிய ஏற்பாட்டில், சில நிருபங்கள் தள்ளி, யாக்கோபு உட்கார்ந்துகொண்டு கிரியை இல்லாத விசுவாசம் பிணம் என்கிறார். லூத்தர் என்ன செய்தார்? 1522-இல் தம் ஜெர்மன் புதிய ஏற்பாட்டில் யாக்கோபையும் இன்னும் மூன்று நூல்களையும் கடைசிக்குத் தள்ளி, பொருளடக்கத்தில் எண்கூடக் கொடுக்காமல் விட்டார். யாக்கோபின் நிருபம் அப்போஸ்தலர் எழுதியதே அல்ல என்றார். முன்னுரையில் வைக்கோல் நிருபம் என்று பட்டம் கட்டினார். பிற்பாடு அந்த வரியை எடுத்துவிட்டார்; சாப்பாட்டு மேசையில் பேசியதை எடுக்க முடியவில்லை, மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். பவுலையும் யாக்கோபையும் சமரசம் செய்துவைப்பவனுக்கு என் டாக்டர் தொப்பியைத் தருகிறேன் என்றாராம். தொப்பி கடைசிவரை அவர் தலையிலேயே இருந்தது.

ஜனங்களுக்கு இந்த உபதேசம் ரொம்பப் பிடித்துவிட்டது. காசு கொடுத்து மோட்சம் இல்லை என்ற பாதியை உடனே புரிந்துகொண்டார்கள். அப்படியானால் காசே கொடுக்க வேண்டாமே! லைஸ்னிக் என்ற ஊரில் 1523-இல் ஏழைகளுக்குப் பொதுப்பெட்டி வைத்தார்கள். லூத்தரே முன்னுரை எழுதினார். நகராட்சியோ கோயில் சொத்தை விட்டுக்கொடுக்காமல் இழுத்தடித்தது. போப் காலத்தில் வாரி இறைத்தவர்கள் இப்போது ஒரு சல்லிக்காசு தருவதில்லை என்று லூத்தர் புலம்பினார். 1528-இல் கிராமங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, சுயாதீனத்தைத் துஷ்பிரயோகம் செய்யும் கலையில் மட்டும் தேறிவிட்டார்கள் என்று அடுத்த ஆண்டு ஞானோபதேசச் சிறு நூலின் முன்னுரையில் திட்டினார். பன்றிகளும் அதே முன்னுரையில் வருகின்றன. 1530-இல் விட்டன்பர்க் சபையாரோடு கோபித்துக்கொண்டு, இனி உங்களுக்குப் பிரசங்கமே கிடையாது என்று வேலைநிறுத்தம் செய்தார். கிரியையால் ஒன்றும் ஆகாது என்று கற்றுக்கொடுத்த வாத்தியார், பிள்ளைகள் கிரியை செய்யவில்லை என்று கோபித்துக்கொண்ட அழகை என்னவென்பது!

நியாயமாகச் சொன்னால் அந்த மனிதர் தம்மட்டில் கிரியை செய்தவர். 1527-இல் கொள்ளைநோய் வந்தபோது அப்போதைய இளவரசர் ஊரைவிட்டுக் கிளம்பச் சொல்லியும் போகவில்லை. நோயாளிகளை வீட்டிலேயே வைத்துப் பார்த்தார். யார் கேட்டாலும் வீட்டுச் சாமானை எடுத்துக் கொடுத்துவிடுவார். மனைவி கத்தரீனாள் மதுபானம் காய்ச்சியும் மாணவர்களுக்குச் சோறு போட்டும் வரவைச் சமாளித்தாள். நண்பருக்கு ஒரு குவளை அன்பளிப்பு என்று எழுதிய லூத்தர் கடிதத்தை முடிப்பதற்குள் குவளையைக் காணோம், கத்தரீனாள் ஒளித்துவைத்துவிட்டாள். அந்தக் குவளை நீதிமானாவதற்கு அவசியமா இல்லையா என்ற கேள்வியே அவளுக்கு எழவில்லை.

லூத்தர் 1546-இல் கண்மூடினார். சீடர்கள் பங்காளிச் சண்டையைத் தொடங்கினார்கள். 1552 வாக்கில் கியோர்க் மாயோர் என்ற பேராசிரியர், இரட்சிப்புக்கு நற்கிரியை அவசியம் என்று சொல்லிவைத்தார். கிரியையால் இரட்சிப்பைச் சம்பாதிக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. விசுவாசம் இருந்தால் கிரியையும் இருக்கும் என்பதைத்தான் கொஞ்சம் அவசரமாகச் சொல்லிவிட்டார். பாய்ந்தார் நிக்கோலஸ் ஃபான் ஆம்ஸ்டார்ஃப். பேரரசர் முன் நடந்த வோர்ம்ஸ் விசாரணைக்கு லூத்தர் போன வண்டியிலேயே கூடப் போன நண்பர். 1559-இல் ஒரு சிறு நூல் போட்டார். அதன் வாதம்: நற்கிரியைகள் இரட்சிப்புக்குக் கேடு என்பது சரியான, உண்மையான கிறிஸ்தவ உபதேசம்.

கிரியையை நம்பி மோட்சத்துக்குப் போகலாம் என்று நினைப்பதுதான் கேடு என்பது அவர் உள்ளே வைத்திருந்த பொருள். ஆனால் உள்ளே போய்ப் படிக்கிறவன் எத்தனை பேர்? பிச்சைக்காரனைக் கண்டு தெருவைத் தாண்டிப் போகிறவனுக்கு இதைவிட வசதியான வேதவாக்கு கிடைக்குமா? மாயோரோ, தப்பாக எடுத்துக்கொள்கிறீர்கள், அந்த வாசகத்தையே விட்டுவிடுகிறேன் என்றார். விட்டாலும் விடவில்லை. லூத்தரின் சாதுவான தோழர் மெலாங்க்டன் 1560-இல் இறக்குமுன், சாவைக் கண்டு ஏன் பயப்பட வேண்டாம் என்று ஒரு துண்டுச் சீட்டில் காரணங்கள் எழுதினார். இறையியலாளர்களின் வெறியிலிருந்து விடுதலை என்பது அதில் ஒன்று.

ரோமாபுரிக்காரர்களோ 1547-இல் திரெந்து சங்கத்தில், கிருபை முந்தாமல் யாரும் நீதிமானாக முடியாது என்று தாங்களே எழுதிவைத்திருந்தார்கள். 1567-இல் போப் ஐந்தாம் பயஸ் சீட்டு வியாபாரத்துக்கும் முற்றுப்புள்ளி வைத்தார். சண்டைக்குக் காரணமான கடையே மூடிவிட்டது, சண்டைக்குத்தான் ஓய்வில்லை. 1577-இல் லூத்தரன்கள் ஒருவழியாக உட்கார்ந்து உடன்பாடு எழுதினார்கள். "இரட்சிப்புக்கு அவசியம்" என்றும் சொல்லாதே, "கேடு" என்றும் சொல்லாதே. நல்லது செய், அவ்வளவுதான். ஊர்ப் பாட்டி ஒருத்தியைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பாள். அறிஞர்களுக்குக் கால் நூற்றாண்டு பிடித்தது.

ஆல்பிரெக்ட் தம் சொந்தப் புனிதப் பண்டங்களை அடுக்கிவைத்திருந்த ஊர் ஹாலே. அதன் விளிம்பில் இருந்த கிளவ்ஹாவில் 1695-இல் பிராங்கே என்ற போதகர் வீட்டு உண்டியலில் 4 தாலரும் 16 குரோஷனும் விழுந்தன. அதை வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். பிறகு அநாதை இல்லம். அதே ஆண்டு விட்டன்பர்க் பேராசிரியர்கள் பிராங்கேயின் வழிகாட்டியான ஸ்பேனர்மேல் இருநூற்றுக்கும் மேற்பட்ட உபதேசப் பிழைகளைப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிராங்கேயிடம் படித்த பர்த்தலோமேயு சீகன்பால்கு 1706-இல் டேனியக் குடியேற்றமான தரங்கம்பாடியில் மிஷனரியாக வந்து இறங்கினார். பள்ளிக்கூடம் வைத்தார், பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து. ஓர் ஏழை விதவையின் கடன் வழக்கில் அவளுக்காகப் பரிந்து பேசப்போக, டேனிஷ் தளபதி அவரை நான்கு மாதம் சிறையில் போட்டார். நற்கிரியை கேடு என்று ஆம்ஸ்டார்ஃப் சொன்னது அந்த ஒரு முறை சரியாகிவிட்டது.

வெளியே வந்து மறுபடி கட்டத் தொடங்கினார். இந்த முறை முட்டுக்கட்டை கோப்பன்ஹேகனிலிருந்து, அவருடைய மிஷன் சங்கத்துச் செயலாளர் வென்டிடமிருந்தே வந்தது. பள்ளி, கட்டடம், செலவு எல்லாம் எதற்கு? பையும் பணமும் இல்லாமல் அப்போஸ்தலர்களைப் போல நடந்து போய்ப் பிரசங்கம் மட்டும் செய்யுங்கள். ஆத்துமாவுக்குச் செய்வதையும் உடம்புக்குச் செய்வதையும் பிரிக்க முடியாது என்று தரங்கம்பாடியிலிருந்து பதில் போயிற்று. வென்ட் மசியவில்லை. அவர் கையில் அப்போஸ்தலர் பட்டியல் இருந்தது. அதில் யாக்கோபின் பெயரை லூத்தர் எப்போதோ அடித்துவிட்டார்.