உமறுப்புலவருக்கு எத்தனை மதிப்பெண்?

அனுப்புநர்: வெள்ளகவியிலிருந்து ஒரு வாசகன்.
பெறுநர்: தலைவர் அவர்கள், பல்கலைக்கழக மானியக் குழு, பகதூர்ஷா ஜஃபர் சாலை, புது தில்லி.
பொருள்: இஸ்லாமியத் தமிழ் ஏடுகளைப் பதிப்பிக்கும் ஆசையை ஆய்வாளர்களின் மனத்திலிருந்து அகற்றித் தந்தமைக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த ஊரில் அரபுத்தமிழ் ஏடு எதுவும் கிடையாது. ஆனாலும் தங்களுக்கு எழுத இதைவிடப் பொருத்தமான ஊர் அமையாது. பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறிய பழைய நடைபாதையில் இருக்கிறது வெள்ளகவி. கொடைக்கானலில் பங்களாக்கள் எழும்பிய நாளில் துரைமாரும் அவர்களுடைய பெட்டிகளும் கூலிக்காரர்களின் தோளில் ஏறிப்போன மலைவழி அது. பிறகு வத்தலகுண்டுப் பக்கம் மலைச்சாலை போட்டார்கள். போக்குவரத்து அந்தப் பக்கம் திரும்பியது. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. சாலையில் நின்று பார்க்கிற அதிகாரிக்கு வெள்ளகவி என்றொரு ஊரே தெரியாது. தங்கள் 2018ஆம் ஆண்டு ஆசிரியர் நியமன விதிமுறையின் மதிப்பெண் அட்டவணையில் நின்று பார்ப்பவருக்கும் ஒரு முழு இலக்கியம் அப்படித்தான் தெரியாமல் போகிறது.

அட்டவணையைப் பக்தியோடு படித்தேன். மொழி, கலைத் துறைகளில் ஒரு கட்டுரைக்கு 10 மதிப்பெண். தேசியப் பதிப்பகத்தில் நூல் எழுதினால் 10. நூலின் பதிப்பாசிரியராக இருந்தால் 8. மூலபாடப் பதிப்புக்கென்று தனி வரிசை இல்லை. எனவே ஏடு தேடி, பிரதிகளை ஒப்பிட்டு, பாடபேதம் குறித்து ஒரு காப்பியத்தை அச்சேற்றுகிறவரும், கருத்தரங்கக் கட்டுரைகளை வாங்கி அட்டை போட்டுத் தருகிறவரும் அந்த 8இன் நிழலில் சமமாக ஒதுங்க வேண்டியதுதான். உமறுப்புலவரின் சீறாப்புராணம் மூன்று காண்டங்களில் 5027 பாடல்கள் கொண்டது. ஷெய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் அதைத் திருத்தமாகப் பதிப்பித்து 1842இல் அச்சில் கொண்டுவந்தார். தங்கள் கணக்கில் அவருக்கு 8. ‘சீறாப்புராணத்தில் சமய நல்லிணக்கம்’ என்று எட்டுப் பக்கம் எழுதியிருந்தால் 10 கிடைத்திருக்கும். பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்க 120 வேண்டும் என்பதால், பதிப்பை மட்டுமே நம்புகிறவர் சீறாப்புராணம் அளவில் பதினைந்து காப்பியங்களை முடித்துவிட்டு வர வேண்டும். அத்தனைக்கு உமறுப்புலவரே எழுதிவைக்கவில்லை. இருவர் சேர்ந்து எழுதினால் ஆளுக்கு 70 விழுக்காடு தருகிறீர்கள். ஒரு கட்டுரை இரண்டு பேரிடம் போனதும் 140 விழுக்காடாகப் பெருகுகிற இந்த அற்புதத்தை எந்த இறைநேசரின் கராமத்திலும் கேட்டதில்லை. (தங்கள் அலுவலகச் சாலைக்குப் பெயர் தந்த பாதுஷாவும் கஜல் எழுதியவர்தான். மதிப்பெண் வாங்கியதாகத் தெரியவில்லை.)

சீறாவாவது தமிழ் எழுத்தில் இருக்கிறது. அரபுத்தமிழ் நூல்களின் கதை வேறு. மொழி தமிழ், எழுத்து அரபு. அரபியில் இல்லாத ட, ண, ள, ழ போன்ற ஒலிகளுக்குப் பழைய எழுத்துகளிலேயே புள்ளியும் குறியும் சேர்த்துப் புது எழுத்துகள் செய்துகொண்டார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிமின் ‘மகானி’ போன்ற மார்க்கச் சட்ட நூல்களை இந்த எழுத்தில்தான் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மதரஸாக்களில் ஓதினார்கள். இத்தகைய நூலைப் பதிப்பிக்க அரபு இலக்கணம் வேண்டும், ஃபிக்ஹு என்னும் மார்க்கச் சட்டம் வேண்டும், பழந்தமிழ் வேண்டும், கடலோர ஊர்களின் பேச்சுவழக்கும் வேண்டும். கல்லச்சில் ஒரு புள்ளி தேய்ந்திருந்தால் எழுத்தே மாறிவிடும். எது சரி என்று தீர்மானிக்க இன்னொரு பிரதியைத் தேடி இன்னொரு ஊருக்குப் போக வேண்டும். இத்தனை தகுதியும் சேர்ந்த ஒருவர் அகப்பட்டால் அவரைக் கட்டுரை எழுத அனுப்பிவிடுகிறது தங்கள் அட்டவணை.

‘அளவுகோல் இல்லாவிட்டால் சிபாரிசுதானே ஆளும்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அளவுகோல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எண்ணிக்கையை அளந்ததால் விளைந்தது என்ன என்பதற்குத் தாங்களே சாட்சி. தாங்கள் அங்கீகரித்த பட்டியலிலிருந்து 4305 இதழ்களை 2018 மே மாதம் தாங்களே நீக்கினீர்கள். அடுத்த ஆண்டு ‘கேர்’ என்று புதுப் பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டீர்கள். முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுக்குமுன் ஒரு கட்டுரையாவது வெளியிட்டாக வேண்டும் என்ற 2016ஆம் ஆண்டு விதியும் 2022இல் போயிற்று. பட்டியல்கள் வந்தன, போயின. கட்டுரையை யாராவது படித்தார்களா என்ற கேள்வி மட்டும் எந்தப் பட்டியலிலும் இடம்பெறவில்லை.

‘ஒழுங்கும் வடிவமும் வேண்டாமா?’ என்பது அடுத்த ஆட்சேபம். கட்டாயம் வேண்டும். இஸ்லாமிய ஆய்விதழ்கள் அரபு, பாரசீகம், துருக்கிச் சொற்களை எழுத வைத்திருக்கும் எழுத்துப்பெயர்ப்பு முறைகளில் குறை காண எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அரபு எழுத்தில் இருக்கும் தமிழை எந்தக் கட்டத்தில் போடுவது? அரபு வரிசையில் ழகரத்துக்கு இடமில்லை. தமிழ்ப் பேரகராதியின் முறையில் அரபு ‘ஐன்’ எழுத்துக்கு இடமில்லை. இரண்டையும் இணைத்து ஒரு பொதுமுறை செய்ய அறிஞர்கள் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் எத்தனை மதிப்பெண் என்பதை அட்டவணை சொல்லவில்லை. ஒழுங்குக்காக வைத்த இன்னொரு விதியின் கதையும் இதுதான். எழுத்துக் களவைப் பிடிக்கும் அந்த விதி 10 விழுக்காடு ஒப்புமை வரை பொறுத்துக்கொள்கிறது. கல்லச்சுக் கிதாபுகளின் பக்கங்கள் ஒப்புமை பார்க்கும் மென்பொருளின் கிடங்கில் இருக்கப்போவதில்லை. எனவே ஒரு பழைய ஆலிமின் உரையை முழுதாகத் தூக்கித் தன் பெயரில் போடுகிறவருக்கு ஒப்புமை பூஜ்யம் என்று நற்சான்று கிடைக்கும். ஏடுகள் பதிப்பாகி வெளியே வந்தால்தானே களவும் பிடிபடும்?

‘பதிப்பு வெறும் எழுத்தர் வேலை, வாதம்தான் ஆய்வு’ என்பாரும் உண்டு. 1572இல் அரங்கேறிய ‘ஆயிர மசலா’வை ஜாவானிய, மலாய் வடிவங்களோடு ஒப்பிட்டு ஆய்வாளர் ரோனித் ரிச்சி 2011இல் எழுதிய நூலை உலகமே பாராட்டியது. மூலம் கைக்குக் கிடைத்ததால் பிறந்த வாதம் அது. ம.மு. உவைஸ் 1953இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலில் தொடங்கி, பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அமர்ந்து அஜ்மல்கானுடன் சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். ஏடுகளைத் தேடிப் பட்டியலிட்ட உழைப்பைக் கழித்துவிட்டால் அந்த வரலாற்றில் அட்டைதான் மிஞ்சும். மதிப்பீட்டாளர் கண்டிப்பாக இருப்பதிலும் எனக்கு வருத்தமில்லை. உமறுப்புலவரின் உடையைப் பார்த்து மார்க்க அறிஞர் ஸதகத்துல்லா அப்பா முதலில் உதவ மறுத்தார் என்று செவிவழிக் கதை உண்டு. ஆனால் பிறகு அவருக்கு ஹதீது விவரம் கிடைக்க வழி செய்யப்பட்டது, காப்பியமும் பிறந்தது. தங்கள் அட்டவணை உடையைப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறது.

ஆகவே கேட்பது அதிகமில்லை. மூலபாடப் பதிப்புக்கு அட்டவணையில் தனி வரிசை தாருங்கள். அதற்கான மதிப்பெண்ணைப் பதிப்பைப் படித்துப் பார்த்த இருவர் எழுத்தில் காரணம் சொல்லித் தீர்மானிக்கட்டும். அரபுத்தமிழுக்கு ஒரு பொது எழுத்துப்பெயர்ப்பு முறை வகுக்க ஒரு குழுவை அமையுங்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வீட்டுப் பரண்களில் கிடக்கும் கிதாபுகளைத் தின்னக் கறையான் எந்த மதிப்பெண்ணும் கேட்பதில்லை. அது வேலையை முடிப்பதற்குள் முடிவு செய்யும்படி வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
வெள்ளகவி வாசகன்